சித்தியின் ஸ்டார்ட் மெனுவில் ஒரு காலி இடம்

சித்தி அந்த அச்சுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் பிறக்கவே இல்லை. விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், பாஸ்போர்ட் படம் எல்லாம் அவள் கைவேலைதான். முதலாளி எத்தனையோ கணினி மாற்றினார், சித்தியை மட்டும் மாற்றவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு அது 'கம்ப்யூட்டர் அக்கா கடை'.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் அவள் வீட்டில் வந்து இறங்கியிருந்தேன். சும்மா இருந்தால் எனக்குக் கை பரபரக்கும். சித்தி மதியம் சாப்பிடப் போயிருந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கணினியில் புரோகிராம்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஸ்டார்ட் மெனுவைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. படம் திருத்தும் புரோகிராம் இடது மூலையில் பூதம் மாதிரி பெரிதாக இருந்தது. கார்டு வடிவமைப்பது வலது கோடியில். கால்குலேட்டர் அடியில் தனியாக. நடுவெல்லாம் பொட்டல்.

அசந்துபோவாள் என்று நினைத்துக்கொண்டு எல்லா ஷார்ட்கட் கட்டங்களையும் சின்னதாக்கினேன். வகை பிரித்து, நெருக்கி அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்புகூட வைத்தேன்.

சித்தி வந்ததும் ஒருவர் படத்துக்காக அவசரப்பட்டார். "சீக்கிரம்க்கா, பஸ் போயிடும்."

அவள் மவுஸ் பழக்கப்படி இடது மூலைக்குப் போய்க் கிளிக் செய்தது. கால்குலேட்டர் திறந்தது. மூடினாள். வலது பக்கம் போனாள். வேறு ஏதோ திறந்தது. மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை செய்யும் பக்கத்தைப் பெரிதாக்கிச் சமாளித்திருக்கிறாள். மெனுவில் எது எது என்பதைப் படித்தல்ல, இருக்கும் இடத்தை வைத்துத்தான் தெரிந்துவைத்திருக்கிறாள். கண் மங்கியதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேலை போய்விடும்.

"என்னம்மா, கம்ப்யூட்டருக்கு முத்தம் குடுக்கிறியா?" என்றார் முதலாளி. வந்தவர் சிரித்தார்.

"மெஷின் மக்கர் பண்ணுது சார்."

"நான்தான் இடத்தை மாத்தி வெச்சேன் சார்," என்றேன்.

"மாத்தினா என்ன? பேர் எழுதியிருக்குல்ல. படிச்சா தெரிஞ்சுடப் போகுது." சொல்லிவிட்டு அவரே சித்தியை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "உனக்கு இதெல்லாம் நல்லா வருதே. நாளையிலேர்ந்து நீ வந்து உட்காரேன்."

சித்தியின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

"எனக்கு ஒரு இடத்துல உட்காரவே வராது சார்," என்றேன்.

சாயங்காலம் கடை சாத்தும் முன் எல்லாவற்றையும் பழையபடி வைக்கப் பார்த்தேன். எது எங்கே இருந்தது என்று எனக்கு நினைவில்லை. சித்தி கண்ணை மூடிக்கொண்டு, மேஜையில் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க படம். பெருசா வைடி. அங்க கார்டு."

"நடுவுல என்ன சித்தி?"

"ஒண்ணுமில்ல. அந்த ஒண்ணுமில்லாததை ஒழுங்கா வை. அதைத் தாண்டித்தானே நான் போவேன்."

"சித்தி, என் மேல கோபமா?"

"கால்குலேட்டரைக் கீழே இறக்கு," என்றாள்.

மறுநாள் மவுஸ் இடம் தவறாமல் போனது. ஆனால் அவள் முடித்த ஒவ்வொரு கார்டையும் முதலாளி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, எழுத்து எழுத்தாகப் பார்த்த பிறகுதான் வாடிக்கையாளரிடம் கொடுத்தார். அதுவரை அப்படி அவர் பார்த்ததே இல்லை.