முத்துப்பேச்சி அக்கா ஒத்துக்கொண்ட பதினொரு தாள்

முத்துப்பேச்சி அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுப் போனது 2024 ஆகஸ்ட் எட்டாம் தேதி, வியாழக்கிழமை. பிற்பகல் மூன்றேகால் இருக்கும். ஏழாவது பீரியடு மணி அடித்து முடித்திருந்தது. எனக்கு அந்த பீரியடில் வகுப்பு இல்லை, ஆபீசில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார். மேசை இழுப்பறையில் கிடந்த தைராய்டு மாத்திரை அட்டையை எடுத்துப் பையில் போட்டார். கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்துவிட்டு அதன் மேல் துணியையும் போர்த்தினார். என்னைப் பார்த்து, "வாரேன் மிஸ்" என்றார். ஒன்பது வருடம் வேலை பார்த்த இடத்திலிருந்து அன்றாடம் கிளம்புகிற மாதிரியே கிளம்பிப் போய்விட்டார்.

அவர் போனதில் எனக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதுதான் இன்று வரைக்கும் எனக்குப் பிடிபடாத விஷயம்.

பாலவனத்தத்தைத் தாண்டி விருதுநகர் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் பள்ளி அது. நான் நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கையில் எந்தத் திட்டமும் இல்லாமல் அருப்புக்கோட்டைக்குத் திரும்பியிருந்தேன். நேபாளத்தில் ஒரு விடுதியில் ரொட்டி சுட்டிருக்கிறேன், ஜார்ஜியாவில் ஒரு குளிர்காலம் முழுக்கப் படுக்கை விரிப்பு துவைத்திருக்கிறேன். இதையெல்லாம் என்ன படிப்பு என்று சொல்வது? என் அப்பாவுக்குத் தூரத்து உறவான வீரபத்திரன் மாமாதான் அந்தப் பள்ளியின் தாளாளர். "வீட்டுல சும்மா இருக்காம வந்து ஸ்போக்கன் இங்கிலீஷ் எடு" என்று கூப்பிட்டார். போனேன். வகுப்பில்லாத நேரத்தில் ஆபீசில் உட்காரச் சொன்னார்கள். அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் முத்துப்பேச்சி அக்கா.

அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பரளச்சியில் பிறந்து, பரளச்சியிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவர். அவருடைய அப்பா நல்லகண்ணு கருவேலமரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். ஐந்து பிள்ளைகளில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியது முத்துப்பேச்சி அக்கா மட்டும்தான். "எங்கய்யா சட்டையும் கருப்பு, கையும் கருப்பு. வெள்ளைப் பேப்பர்ல வேல பாக்கணும்னு நான் அப்பவே நெனச்சேன் மிஸ்" என்பார். அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி வந்து டைப்ரைட்டிங் லோயர் முடித்தார். கல்யாணத்துக்குப் பிறகு ஜெராக்ஸ் கடை, அதன் பிறகு ஒரு வக்கீல் ஆபீஸ், கடைசியாக இந்தப் பள்ளி. தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். மகள் துர்காதேவி இதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. ஆபீசில் வேலை பார்ப்பவரின் பிள்ளை என்பதால் கட்டணம் கிடையாது. வேலை இருக்கும் வரைதான் அந்தச் சலுகை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதைக் கேட்டாலும் மறுக்க மாட்டார். ஒரு தடவை அட்மிஷன் ரிஜிஸ்டர் காணாமல் போனது. யார் எடுத்தது என்று தாளாளர் சத்தம் போட்டபோது, "நாந்தான் சார் எங்கயோ வச்சிட்டேன்" என்றார். இரண்டு நாள் கழித்து அது தாளாளரின் கார் பின்சீட்டிலிருந்து கிடைத்தது. ஏனக்கா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஆமான்னுட்டா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும் மிஸ். இல்லைன்னா ஒரு மணி நேரம் பேசணும். எனக்கு நாலரை பஸ்ஸு போயிரும்."

அந்தக் கம்ப்யூட்டர் திறந்ததுமே முத்துப்பேச்சி அக்காவின் பெயரோடுதான் திறக்கும். அவர் சேர்ந்த புதிதில் பள்ளிக்கென்று ஒரு மின்னஞ்சல் கிடையாது என்பதால் தன்னுடையதையே போட்டுக் கொடுத்திருந்தார். யார் உட்கார்ந்து எதைத் தேடினாலும் அவர் கணக்கில்தான் பதிவாகும். நாங்கள் இருவரும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. காலை பதினொரு மணிக்கு மேல் ஆபீஸ் அடங்கிவிடும். அவர் கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சலுக்கு மருந்து தேடுவார், ஜாக்கெட் கழுத்து டிசைன் பார்ப்பார். "மிஸ், நான் போனஃபைடுல சீல் வைக்கணும், நீங்க உக்காருங்க" என்று எழுந்துகொள்வார். நான் உட்கார்ந்து அல்பேனியா பார்ப்பேன்.

ஏன் அல்பேனியா என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. செலவு குறைவு, கடல் இருக்கிறது, போய் வந்த ஒருத்தி நல்லதாகச் சொன்னாள். வீட்டில் உட்கார உட்கார உள்ளங்கால் அரிக்கிற மாதிரி இருந்தது எனக்கு. விசா, விடுதி, அங்கே ஆள் எடுக்கும் பண்ணைகள் என்று ஒரே நேரத்தில் பதினைந்து பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்வேன். மணி அடித்ததும் அப்படியே போட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுவேன். எதையும் மூட மாட்டேன்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி மாணவர் பட்டியலை அரசின் தளத்தில் ஏற்றக் கடைசி நாள். நெட் நகரவே இல்லை. அந்த மாதத்து டேட்டா ஏழு நாளிலேயே தீர்ந்து போயிருந்தது. "யாரு தின்னா இம்புட்டு நெட்ட?" என்று தாளாளர் குதித்தார். மறுநாள் அவருடைய அக்கா மகன் கார்த்தீஸ்வரன் வந்து கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினான். பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. பதினொரு தாள். இரண்டு மாதத்தில் வேலை நேரத்தில் பார்த்த பக்கங்கள் அத்தனையும் தேதியோடும் நேரத்தோடும் அதில் இருந்தன. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் முத்துப்பேச்சி என்று இருந்தது.

தாளாளர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எங்கள் முன்னாலேயே வாசிக்க ஆரம்பித்தார்.

"கோழி தலை தொங்கினால் என்ன செய்வது. சரி. தைராய்டு மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. சரி. கனவில் பல் விழுந்தால் யாருக்கு ஆகாது. ஏம்மா, இதுக்கா நான் நெட் கனெக்சன் வாங்கிப் போட்டேன்?"

வாசலில் நின்ற வெங்கடம்மாள் ஆயா, "யாருக்கு ஆகாதாம்?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

"நீ போ ஆயா." அடுத்த தாளைப் புரட்டினார். "இது என்ன எழவு, அல்பேனியா. அல்பேனியா விசா. அல்பேனியாவில் தனியாகப் பெண் போகலாமா. இங்கயும் அல்பேனியா. நாலு தாள் பூரா அல்பேனியா. இது எங்கம்மா இருக்கு?"

என் வாய் திறந்தது. அடுத்த நொடி சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் முத்துப்பேச்சி அக்கா பதில் சொல்லிவிட்டார்.

"கிரீஸ் நாட்டுக்கு வடமேக்க சார்."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நீயா பாத்த?"

"ஆமா சார், பாத்தேன்."

"போகப் போறியா?"

"பாக்கத்தான் செஞ்சேன் சார்."

"பள்ளிக்கூட நேரத்துல."

"ஆமா சார்."

"ஜீவிதா மிஸ்ஸப் பாரு. நாலு நாடு சுத்துன புள்ள. ஃப்ரீ பீரியடுல கூட கம்ப்யூட்டரு முன்னாடி ஒக்காந்து வேலதான் பாக்குது."

நான், "மாமா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அவர் எங்கள் வீட்டில் பேசும் கன்னடத்துக்கு மாறி, உனக்கு இதில் சம்பந்தமில்லை, நீ உட்கார் என்றார். நான் உட்கார்ந்தேன். அந்தப் பேச்சு அக்காவுக்குப் புரிந்திருக்காது. அல்லது ஒன்பது வருடத்தில் புரிந்திருக்கலாம். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தாளாளர் சொன்னதற்கும், "சரி சார்" என்றுதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் தாளாளர் பிரிண்டர் மேலேயே போட்டுவிட்டுப் போன தாள்களை எடுத்து வந்துவிட்டேன். வீட்டில் பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறித்தேன். என்னுடையது என்றால் ஜீ, அவருடையது என்றால் மு. கோழி மு, ஜாக்கெட் மு, விசா ஜீ. முதல் இரண்டு தாள் சுலபமாகப் போனது. மூன்றாவது தாளில் "கடல் இல்லாத நாட்டுக்குக் கப்பற்படை உண்டா" என்று ஒரு வரி. இதை நான் தேடினேனா? தேடியிருக்கக் கூடிய ஆள்தான் நான். ஆனால் தேடியதாக நினைவில்லை. இரண்டு எழுத்தையும் போட்டேன். "ஆமை எத்தனை வருடம் இருக்கும்." இரண்டு எழுத்து.

ஆறாவது தாளில் ஜூலை பதினாறு வந்தது. செவ்வாய்க்கிழமை. பதினொன்று பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும் அல்பேனியா. மலைக் கிராமங்கள், பஸ் நேரம், ஆடு மேய்க்கும் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை, மறுபடியும் பஸ் நேரம். அன்றைக்கு நான் பள்ளிக்கே போகவில்லை. மதுரை பாஸ்போர்ட் ஆபீசில் டோக்கனை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை காத்துக் கிடந்தேன்.

அப்படியானால் அவரும் பார்த்திருக்கிறார். நான் மூடாமல் விட்ட பக்கங்களை வெறுமனே புரட்டினாரா, இல்லை அவராகவே தேடிப் போனாரா? எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்று குறுகிப் போயிருந்த எனக்கு, அவர் உண்மையைத்தான் சொன்னாரோ என்று இப்போது சந்தேகம் வந்தது. நாலரை பஸ்ஸுக்காக ஆமாம் சொன்னாரா என்றும் தோன்றியது. மூன்றில் எது என்றாலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது மாறவில்லை.

திங்கட்கிழமை தாளாளர் அறைக்குப் போய், பாதிக்கு மேல் நான்தான் பார்த்தேன், அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். சிரித்தார்.

"நீ பாத்தா அது ஜெனரல் நாலெட்ஜும்மா."

"அவங்க பாத்தா மட்டும்?"

"அவ வேல நேரத்துல பாத்தா. எங்கிட்ட ஒத்துக்கிட்டா. அவளே ஒத்துக்கிட்டத நான் எப்படி இல்லைங்கிறது? அந்தப் புள்ளைக்கு டிசி ரெடியா இருக்கு, வந்து வாங்கிக்கச் சொல்லு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரளச்சிக்குப் பஸ் ஏறினேன். வழி நெடுக உழுது போட்ட கரிசல் மழைக்குக் காத்துக் கிடந்தது. அக்கா வீட்டில் இல்லை. லாரி ஓட்டும் அவருடைய கணவர் முத்துராஜ் அண்ணன் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். துர்காதேவி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மிஸ், திருச்சுழி கவர்மெண்டு ஸ்கூல்ல இப்ப போயி பத்தாவது சேத்துக்கிருவாகளா?" என்று கேட்டாள். சேர்த்துக்கொள்வார்கள் என்றேன். எனக்கு அது தெரியாது.

"அவ கோயில்பட்டிக்குப் போயிருக்கா மிஸ். அங்கன ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல டைப் அடிக்க ஆளு கேட்டாகளாம்" என்றார் அண்ணன். மகள் உள்ளே போகும்வரை பொறுத்திருந்து குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லுங்க. அவ எங்கிட்டும் போறதா இருக்காளா?"

"எங்கே?"

"அதான், அந்த நாட்டுக்கு. டீக்கடையில ஒருத்தன் விடமாட்டேங்கான். ஏலே முத்துராஜு, ஒன் வீட்டம்மாவுக்கு பிளைட்டு எப்பங்கான். பதினேழு வருசமாக் கூட இருக்கேன். மதுரைக்குப் போவமான்னு கேட்டாலே தல வலிக்கும்பா. இப்பக் கேட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கா, சிரிக்கா."

"அண்ணே, அது நான் தேடினது. எனக்குப் போகணும்னு. அவங்க பேர்ல விழுந்திருச்சு."

அவர் தலையை ஆட்டினார். "நீங்க நல்லவுக மிஸ். அவளக் காப்பாத்துறதுக்காகச் சொல்றீக."

"இல்லண்ணே, நிஜமாவே."

"சரி மிஸ், சரி. காப்பி குடிங்க."

ஜூலை பதினாறை அவரிடம் சொல்வதா? சொன்னால் அவர் பயம் நிஜமாகிவிடும். சொல்லாவிட்டால் நான் சொன்னது பாதி பொய். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். அந்தத் தாள்களில் பாதி நான் பார்த்தது, அன்றைக்கே சொல்லாமல் இருந்தது என் தப்பு, மாமாவிடம் சொல்லியும் அவர் கேட்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. பஸ் அருப்புக்கோட்டைக்கு வருவதற்குள் இரண்டு கோடும் நீலமாகிவிட்டன. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட எனக்குத் துணிச்சல் இல்லை.

டிசம்பரில் நான் பள்ளியிலிருந்து நின்றுகொண்டேன். பிப்ரவரியில் அல்பேனியாவுக்குப் போனேன். அங்கே ஒரு மலைக் கிராமத்து நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது நேரம் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஜூலை பதினாறாம் தேதித் தாளில் இருந்த பக்கத்தைத் தேடித் திறந்து படித்தது. ஏழு வாரத்தில் திரும்பி வந்தேன். என்னத்தைப் பார்த்தாய் என்று வீட்டில் கேட்டார்கள். ஆடு பார்த்தேன் என்றேன்.

2025 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று இருபதுக்கு, பத்து மாதத்துக்கு முன் நான் எழுதியதன் மேலேயே பதில் வந்தது.

"மிஸ் நல்லா இருக்கீகளா. கோயில்பட்டி சரிப்பட்டு வரல. இப்ப திருச்சுழியில இ-சேவை மையத்துல இருக்கேன், ஏழு மாசம் ஆச்சு. நாள் பூரா நெட்டுதான் ஆனா பட்டா, சாதிச் சான்று, ரேஷன் கார்டுன்னு கூட்டம் விடமாட்டேங்கு, நமக்குன்னு ஒண்ணு பாக்க முடியல. இன்னைக்கு கரண்டு கட்டு அதான் போன்ல அடிக்கேன். துர்கா அந்த கவர்மெண்டு ஸ்கூல்லயே பாஸாயி பதினொண்ணு சேந்துட்டா. 'பாதி நான் பார்த்தது'ன்னு நீங்க எழுதியிருந்தீகள்ல, அப்பவே பதில் போடணும்னு நெனச்சேன், என்ன போடன்னு தெரியல. அது எந்தப் பாதி மிஸ்?"