கறுப்புக் கோட்டும் படர்தாமரையும்

எங்கள் பல்கலைக்கழகச் சொற்போர்க் குழுவுக்கு நான்கு கறுப்புக் கோட்டுகள் இருந்தன. அன்றன்று மேடையேறும் நால்வர் அவற்றை அணிவோம். ஒரு சுற்றில் வென்றுவிட்டால், போட்டிக் காலம் முடியும்வரை கோட்டுகளைச் சலவைக்குக் கொடுக்கக் கூடாது என்பது மூத்த மாணவர்கள் விட்டுச்சென்ற வழக்கம். பகுத்தறிவைப் பற்றி ஏழு நிமிடம் முழங்கிவிட்டு இறங்கி, வியர்வை காயாத கோட்டை அடுத்தவனிடம் பயபக்தியோடு நீட்டுவோம்.

அரையிறுதியை வென்ற வாரம், காலர் உரசும் இடத்தில் எனக்கு அரிப்பு தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸில் நான் தங்கியிருந்த வாடகை அறையின் கண்ணாடியில் பார்த்தேன். ஐம்பது காசு நாணயத்தின் அகலத்தில் ஒரு வட்டம். ஓரம் சிவந்து, தடித்து, செதில் உதிர்த்தது. நடுப்பகுதி ஏறக்குறைய இயல்பாக இருந்தது.

படர்தாமரையோ என்று தோன்றாமல் இல்லை. ஆனால் மலாயில் அதைக் குராப் என்பார்கள். பள்ளியில் அந்தச் சொல் எங்களுக்கு நோயின் பெயராகத் தெரிந்ததே இல்லை, வசையாகத்தான் தெரியும். இறுதிப் போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் எனக்கு அது வரலாகாது என்று முதலில் தீர்ப்பெழுதிவிட்டு, அதன் பிறகே சான்று தேடினேன். சொற்போரில் தலைப்பு கையில் கிடைத்ததும் அப்படித்தான் செய்து பழகியிருந்தேன்.

மருந்தகத்தில் இருந்த மருந்தாளர் அக்கா, "எத்தன நாளா இருக்கு தம்பி? வட்டமா இருக்கா? கூட இருக்கிறவங்க யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார்.

காலரை விலக்கிக் காட்டியிருந்தால் போதும். நானோ அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினேன். அம்மாவுக்கு எக்ஸிமா என்னும் தோல் அழற்சி உண்டு. எனக்கும் சிறு வயதில் முழங்கை மடிப்பில் வந்திருக்கிறது. அண்மையில் சோப்பு மாற்றினேன். ஆகவே இதுவும் எக்ஸிமா. சொன்ன மூன்றும் உண்மை. முடிவு மட்டும் தவறு.

"வக்கீலுக்கா படிக்கிறீங்க? நல்லா பேசுறீங்க லா," என்று சிரித்தபடி மிதமான ஸ்டீராய்டு களிம்பு ஒன்றைக் கொடுத்தார். "ஒரு வாரத்துல கொறையலன்னா டாக்டர்கிட்ட போயிடுங்க."

மூன்று நாளில் சிவப்பு தணிந்தது. வென்றுவிட்டதாகவே எண்ணிப் பயிற்சிக்கு மறுபடி கோட்டை மாட்டினேன். ஐந்தாம் நாள் அரிப்பு வெறிகொண்டு திரும்பியது. வட்டத்தின் ஓரம் கலைந்து, தோள்பட்டை நோக்கிப் பரவி, சிறு சிறு பருக்களாக வெடித்தது. விரிவுரையில் உட்கார முடியவில்லை. ரயிலில் நிற்க முடியவில்லை. பேனா மூடியால் சொறிந்தேன். இன்னும் கொஞ்சம் களிம்பு பூசினேன்.

அடுத்த பயிற்சியின் நடுவே எங்கள் முதல் பேச்சாளன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். கிள்ளானிலிருந்து தினமும் வருபவன். என் நெருங்கிய நண்பன். அவன் கழுத்தில் என் முதல் நாள் வட்டம், அச்சு மாறாமல்.

"டேய், நீயும் இங்கதானே சொறிஞ்சிக்கிட்டே இருந்த? என்ன பூசுன, குடு. அடுத்த மாசம் அக்கா கல்யாணம்டா, போட்டோவெல்லாம் எடுப்பாங்க."

களிம்பு என் பையில்தான் இருந்தது. கொடுத்திருந்தால் நம்பிப் பூசியிருப்பான். என் கை பையின் ஜிப்புவரை போயிற்று.

"இது வேலைக்காகாதுடா. இங்க பாரு," என்று காலரை இறக்கினேன்.

அவன் குனிந்து என் கழுத்தைப் பார்த்தான். "மைக்க குடுத்தா வாய மூட மாட்ட. இத மட்டும் சொல்ல முடியல, இல்ல?"

அன்று மாலையே கிள்ளானில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். நான் தொடங்கியதுமே அவர் கையை உயர்த்தினார். "சொல்லாதீங்க தம்பி, காட்டுங்க." செதிலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தார்.

"பூஞ்சை. படர்தாமரைதான். எக்ஸிமா பெரும்பாலும் இப்படி ஓரம் கட்டி, நடுவுல தெளிஞ்சு வராது. ஸ்டீராய்டு போட்டா செவப்பு அடங்கும், பூஞ்சை நல்லா பரவும். துண்டு, துணி யார்கூடயாவது மாத்திக்கிறீங்களா?"

"கோட்டு, டாக்டர்."

"கடைசியா எப்ப தொவச்சீங்க?"

நண்பன் சுவரில் இருந்த விளக்கப்படத்தைப் படிக்கத் தொடங்கினான்.

வெளியே வந்ததும், "எல்லாருக்கும் நீயே சொல்லு," என்றான். குழுவின் வாட்ஸ்அப்பில் முன்னுரை, விளக்கம், முடிவுரை என்று நீளமாகத் தட்டினேன். அனைத்தையும் அழித்தேன். 'எனக்குப் படர்தாமரை. தெரிந்தும் மறைத்தேன். கோட்டுகளை யாரும் தொட வேண்டாம். கழுத்து அரித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.'

அதை மட்டும் அனுப்பினேன். நண்பன் என் தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு படம் வந்தது: யாருடைய கழுத்தோ, அதில் ஒரு வட்டம். உடனே இன்னொன்று.

"ரெண்டு," என்றான் அவன். "இரு, இன்னொருத்தன் டைப் பண்றான்."