அவள் முகத்தைத் திருப்பிய இடம்

எனக்குப் பிரெஞ்சு கற்றுத் தந்தவள் ஒரு பொலிஸ்காரி. உண்மையான பொலிஸ்காரி அல்ல. ஒரு பிரெஞ்சுக் குற்றத் தொடரின் கதாநாயகி. வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கைத்தொலைபேசியில் அவளைப் பார்த்தேன்.

காரணம் என் கணவர். கலியாணம் முடிந்து இருபத்து மூன்று நாள் என்னோடு இருந்துவிட்டுப் பாரிசுக்குத் திரும்பியவர். அங்கே ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. என்னைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தைப் போட்டாயிற்று, குடிவரவுக் கந்தோரிலிருந்து கடிதம் வரவேண்டியதுதான் பாக்கி என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதுக்கிடையில பாசையைப் படியும். இஞ்ச வந்து ஊமை மாதிரி நிக்கேலாது," என்றார். "நான் வேலையிடத்தில நாள் முழுக்க பிரெஞ்சுதான்."

படம் பார்த்தால் தன்பாட்டில் வரும் என்று, தன்னுடைய கணக்கிலேயே இந்தத் தொடரைத் திறந்து தந்தவரும் அவர்தான். பின்னால் அதற்காக வருந்தியிருப்பார்.

ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு படத்தின் கீழே ஓடும் ஆங்கில வசனங்களின் துணையோடு பார்க்கத் தொடங்கினேன். அந்த நடிகையை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். தலைமயிரை ஏனோதானோ என்று கட்டியிருப்பாள். எல்லாப் பகுதியிலும் ஒரே சாம்பல் நிற மேலங்கி. என் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, "உவாவுக்கு மாத்துச் சட்டை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்.

ஆனால் நாலாவது பகுதிக்குள் அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குப் பிடிபட்டது. அவள் சத்தம் போடுவதில்லை. மேசையில் அடிப்பதில்லை. ஒரு கேள்வியைக் கேட்பாள், பிறகு சும்மா இருப்பாள். சும்மா என்றால், தண்ணீர்க் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைப்பாள், பெருவிரல் நகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். எதிரில் இருப்பவன் முதலில் முறைப்பான், பிறகு சிரிப்பான், பிறகு தானாகவே கதைக்கத் தொடங்குவான். அந்தச் சும்மா இருப்பதுதான் அவளுடைய நடிப்பு முழுவதும். அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று கண்ணாடிக்கு முன்னால் இருந்து பார்த்தேன். ஒரு நிமிடம்கூட என்னால் முடியவில்லை.

நான் விவசாயிகளுக்கான அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். வயல் அழிந்தால் நட்டஈட்டுக்கு வந்து முறையிடுபவர்களிடம் விவரம் கேட்டுப் படிவம் நிரப்புவது என் வேலை. ஒருநாள் ஓர் ஐயா, யானை இறங்கி வயல் முழுக்க நாசம் என்று சொன்னார். எந்தப் பக்கத்தால் இறங்கியது என்று கேட்டுவிட்டு, நானும் பேனையை வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார்.

"பிள்ளை, ஒண்டு சொல்லுறன்," என்றார் கடைசியில். "முதல்ல என்ர மாடுகள்தான் இறங்கினது. யானை பிறகுதான் வந்தது."

அன்றிலிருந்து அவள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஒரேயொரு குறைதான். குற்றவாளி உண்மையைச் சொல்லத் தொடங்கும் இடத்தில் அவள் முகத்தைத் திருப்பிவிடுவாள். ஒவ்வொரு பகுதியிலும் அப்படியே. அவ்வளவு பாடுபட்டு வரவழைத்த உண்மை வரும்போது யன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். கணவரிடமும் சொன்னேன்: "எல்லாம் சரி, அந்த இடத்தில மட்டும் அவா பிழையா நடிக்கிறா." அவர் சிரித்தார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு மதியம், அவருக்குக் காலை. காணொளியில் கதைத்துக்கொண்டிருந்தபோது என் கெட்டித்தனத்தைக் காட்ட ஆசை வந்தது. ஆனால் ஒரு பொலிஸ்காரியிடம் படித்தவளுக்கு வேறு என்ன வாக்கியம் வரும்? "அதை எந்தத் திகதியில் கொடுத்தீர்கள்? யாரிடம் கொடுத்தீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டேன். விண்ணப்பத்தைத்தான் சொன்னேன். பகிடியாகத்தான் கேட்டேன்.

"ஓம், ஓம்," என்றார்.

அது ஓம் என்று பதில் சொல்லும் கேள்வி அல்ல. இன்னும் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

"உம்மட உச்சரிப்பு சரியில்லை," என்றார்.

மூன்றாம் தரம் கொப்பியைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். அவருடைய முகத்தில் எதுவும் ஓடவில்லை. நான் சும்மா இருந்தேன். இந்த முறை நடிக்கவில்லை, சொல்ல ஒன்றும் வராமல்தான் இருந்தேன். அவர் காதைச் சொறிந்தார். சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டார்.

"எனக்கு விளங்கேல்லை," என்றார். "எனக்குப் பிரெஞ்சு தெரியாது. குசினியில முழுக்க எங்கட ஆக்கள்தான். பாசைச் சோதனை பாஸ் பண்ணினால்தான் என்ர வதிவிட அட்டை சரிவரும், அட்டை சரிவந்தால்தான் உம்மைக் கூப்பிடலாம். ரெண்டு தரம் எழுதினன். ரெண்டு தரமும் பெயில்."

"அப்ப விண்ணப்பம்?"

"போடேல்லை."

நாலு வருடம். ஒவ்வொரு மாதமும் கடிதம் வந்ததா என்று கேட்டவள் நான். பயணப் பெட்டியை வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்திருப்பவள் நான். கோபம் உச்சிக்கு ஏறியது. கேட்பதற்குக் கேள்விகள் வரிசையாக நின்றன, பிரெஞ்சிலும் தமிழிலும்.

அப்போது அவருடைய வாய் கோணியது. எனக்குத் தெரிந்த இருபத்து மூன்று நாளில் அவர் அழுது நான் கண்டதில்லை. பாத்திரம் கழுவி வெடித்த கையால் முகத்தை மறைக்கப் பார்த்தார். மற்றக் கையில் தொலைபேசி இருந்ததால் பாதிதான் மறைந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தால் மீதியைச் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. கைத்தொலைபேசியை மடியில் மல்லாக்க வைத்துவிட்டு முற்றத்தைப் பார்த்தேன்.

அவள் அந்த இடத்தில் பிழையாக நடிக்கவில்லை.

"எங்க போயிட்டீர்?" என்று மடியிலிருந்து குரல் வந்தது. "கூரைதான் தெரியுது."

"இஞ்சதான் இருக்கிறன்."

"கோவமோ?"

"ஓம், கோவம்தான்," என்றேன். "நீங்கள் சொல்லி முடியுங்கோ."