தலைவாசல் கதவும் மூன்று கன்னிமாரும்

எங்கள் தலைவாசல் கதவைக் கரையான் தின்று முடித்தது எங்களுக்கே தெரியாது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் கதவைத் தட்டினார், அவர் விரல் உள்ளே வந்துவிட்டது. நான் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே நின்று, தான் ஒன்றும் செய்யவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் பால் சொசைட்டியில் வேலை செய்கிறவர். எதையும் விசாரிக்காமல் வாங்கமாட்டார். தேங்காய் வாங்கினால்கூடத் தான் ஆட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற ஆளிடமும் கொடுத்து ஆட்டச் சொல்வார். அப்படிப்பட்ட மனுசன் இந்த ஒரு காரியத்தை மட்டும் யோசிக்காமல் செய்தார். பாப்பாரப்பட்டியிலிருந்து வந்த ஆசாரி, தலைவாசலில் கை வைக்க ஆனி மாதத்தில் இதுதான் கடைசி நல்ல நாள் என்று சொன்னதும், பழைய கதவை அன்றைக்கே கழற்றச் சொல்லிவிட்டார். புதுக்கதவை எதில் செய்வது என்று இரண்டு நாளில் முடிவு செய்துவிடலாமாம்.

இரண்டு நாள் நாலு நாளாகி ஆடி பிறந்துவிட்டது. “ஆடியில தலைவாசக் கதவு மாட்டுனா வூடு வெளங்குமா?” என்று என் மாமியார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கழற்றிய கதவோ தரையில் சாய்த்த இடத்திலேயே பொலபொலவென்று உதிர்ந்துபோயிருந்தது. அதியமான்கோட்டையில், ஹைவே ரோட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், வாசலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு குடும்பம் நடத்தினோம்.

காவலுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? என் தையல் மெஷினைத் தூக்கி வாசற்படிக்கு நேராகப் போட்டுவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் என்னைக் கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளச் சொல்லித் தாண்டிப் போனார்கள். ஒருவர் என் மெஷின் மேலேயே கல்யாணப் பத்திரிகையை வைத்துவிட்டு, வீட்டில் யாரும் இல்லையா என்று என்னிடமே கேட்டார்.

எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். ஆடிப் பதினெட்டு. பொம்மிடியில் இருக்கும் அக்கா, ஓசூரில் இருக்கும் தங்கச்சி, நான் மூன்று பேரும் வருசத்தில் அந்த ஒரு நாள்தான் ஒகேனக்கல்லில் சேர்ந்திருப்போம். ஆற்றில் குளித்து, மீன் வறுவல் தின்று, அவரவர் புருசனைப் பற்றி மனசாரத் திட்டிவிட்டு வீடு திரும்புவோம். கல்யாணமான நாளாக ஒரு தடவைகூட விட்டதில்லை. இந்த வருசம் வாசலில் நான் உட்கார்ந்தே தீரவேண்டும் என்றால் எப்படிப் போவேன்?

அவருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். முதலில் இரும்புக் கதவு. உச்சி வெயிலில் கடைக்குப் போய், வெளியே நிறுத்தியிருந்த ஒன்றில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தார். மேற்குப் பார்த்த வீட்டுக்கு இரும்பு ஆகாது என்று, கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே எனக்கு விளக்கினார். அப்புறம் தேக்கு, வேம்பு, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்கிற புதுமாதிரிப் பலகை, இந்த மூன்றிலும் ஒவ்வொரு துண்டு வாங்கி வந்தார். எதைக் கரையான் தின்னாது என்று கரையானையே கேட்டுவிடலாம் என்று, வீட்டுக்குப் பின்னால் இருந்த புற்றில் மூன்றையும் வரிசையாகச் செருகி வைத்தார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், மறுநாள் ஆடி வெள்ளி. கண் சரியாகத் தெரியாத என் மாமியார் புற்றுக்குப் பால் ஊற்றப் போனவர், மூன்று துண்டுக்கும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார். கூடப் போன பக்கத்து வீட்டம்மா, கன்னிமார் என்றால் ஏழு பேர் ஆயிற்றே, மீதி நாலு பேர் எங்கே என்று கேட்டிருக்கிறார். சாயங்காலத்துக்குள் யாரோ நாலு கல்லைக் கொண்டு வந்து நட்டுவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் துண்டுகளைத் தொட்டுப் பார்க்க இவருக்குத் தைரியம் வரவில்லை. கரையான் என்ன தீர்ப்புச் சொன்னது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆடி பதினாறாம் தேதி, நாளை மறுநாள் ஒகேனக்கல் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். இவர் சந்தோசமாக ஒரு சேதி வைத்திருந்தார். ஆடிப் பதினெட்டு எதைத் தொடங்கவும் நல்ல நாளாம், அம்மாவே சம்மதித்துவிட்டாராம், ஆசாரி அன்றைக்கு ஒன்பது மணிக்கு வருகிறாராம். எந்தக் கதவை மாட்ட என்று கேட்டேன். அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மெஷினை மூடிவிட்டு, வாசலில் மாமியாரை உட்கார வைத்துவிட்டு, நானே கடைக்குப் போனேன். தேக்கா, வேம்பா என்று எதையும் கேட்கவில்லை. நாளைக்கே வீட்டுக்கு வந்து சேருகிற கதவு எது என்று மட்டும் கேட்டேன். அந்தப் பிளாஸ்டிக் கலந்த பலகையில் ரெடியாக ஒன்று நின்றிருந்தது. போட்டு அனுப்பச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கதவு வந்து இறங்கியதும் மாமியார் தட்டிப் பார்த்துவிட்டு, தலைவாசலுக்குப் பிளாஸ்டிக்கா என்று ஆரம்பித்தார்.

“அத்த, புத்துல நடுவுல நிக்கிற கன்னிக்கு நெறைய பொட்டு வெச்சீங்களே, அது இந்தப் பலகைதாங்க” என்றேன்.

அவர் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பதினெட்டாம் தேதி விடிந்ததும், தரையில் படுத்திருந்த கதவுக்கே மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். அக்காவும் தங்கச்சியும் கன்னிமார் கதையைக் கேட்டுத் தண்ணீரிலேயே புரையேறிச் சிரித்தார்கள். அப்படி ஒரு நாள் எனக்குக் கிடைத்ததே பெரிய காரியம்.

பொழுது சாய ஈரப் புடவைப் பையும் மீன் பொட்டலமுமாக வீட்டுக்கு வந்தேன். கதவு அழகாகப் பொருந்தி, அழகாகப் பூட்டியிருந்தது. அம்மாவும் மகனும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அரைமணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். வண்டியில் வந்து இறங்கியவரிடம், என் சாவி எங்கே என்று கேட்டேன்.

பூட்டுக்கு மூன்று சாவிதானாம். ஒன்று அவருக்கு, ஒன்று அவர் அம்மாவுக்கு, ஒன்று பெங்களூரிலிருந்து மாதம் ஒருதரம் வந்துபோகிற எங்கள் பையனுக்கு.

“நீ எப்பவும் வூட்லயே இருக்கறவ, உனக்கு எதுக்குன்னு...” என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சண்டை போடத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. கையை நீட்டினேன். அவர் வண்டிச் சாவியோடு கோத்திருந்ததைக் கழற்றி என் கையில் வைத்தார்.

இப்போதெல்லாம் அவர் வேலை முடிந்து வந்தால் பெல் அடிக்கிறார். “வர்றேன், வர்றேன்” என்று குரல் கொடுத்துவிட்டு, கையிலிருக்கிற ஜாக்கெட்டைத் தைத்து முடித்த பிறகுதான் எழுந்துபோய்த் திறக்கிறேன்.