கொக்கு மேஸ்திரியின் தொண்டை

ஜெரால்டு வரைந்த கொக்குக்கு முழங்கால் வரைக்கும் கால் வெள்ளையாக இருக்கும். வெளியூர்க்காரர்கள் அது சாக்ஸ் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். மரக்காணத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அது உப்புப் பூத்த கால். ஜெரால்டின் அப்பா சகாயநாதன் உப்பளத்து வேலை முடிந்து அந்தக் காலோடுதான் வருவார். வாசல் அண்டாவில் தண்ணீர் மொண்டு ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் படியேறுவார்.

உப்பள வரப்பில் மேஸ்திரி குடை பிடித்து நிற்பார். பக்கத்துப் பாத்தியில் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். இரண்டு பேரும் ஒரு வேலையும் செய்யமாட்டார்கள். இரண்டு பேர் கண்ணுக்கும் ஒன்றும் தப்பாது. அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகிற வயதில் ஜெரால்டு பார்த்தது அது. பார்த்ததை மறக்காத கண்ணை ஆண்டவர் சிலருக்குக் கொடுத்துவிடுகிறார். வளர்ந்த பிறகு அந்த மேஸ்திரியையும் கொக்கையும் ஒரே ஆளாக்கி, கையில் குடையைக் கொடுத்து, கம்ப்யூட்டரில் நடக்கவிட்டான். அதுதான் ‘கொக்கு மேஸ்திரி’.

வரைய அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிளஸ் டூ முடித்ததும் ஈசிஆர் ரோட்டில் ஆரோக்கியராஜ் அண்ணனின் பேனர் கடையில் சேர்ந்தான். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. இறந்தவரின் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து மேகத்துக்கு மேலே உட்காரவைக்க வேண்டும். ஆள் வராத மதியங்களில் அந்த முகங்களை அசைத்துப் பார்க்கப் பழகினான். ஒருநாள் ஆரோக்கியராஜ் எட்டிப் பார்த்தபோது, திரையில் ஒரு பெரியவர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தார்.

“ஏம்பா, இவரை நேத்துதான் அடக்கம் பண்ணாங்க. கண்ணடிக்கிறாரு?”

“அழிச்சிடறேண்ணே.”

“அழிச்சிடு. ஆனா நல்லாதான் அடிக்கிறாரு.”

கொக்குக்குக் குரல் கொடுத்தவன் வேல்முருகன். கடலோரக் குப்பத்துப் பையன். அவன் அப்பா கரையில் மீன் ஏலம் விடுகிறவர். அந்தத் தொண்டை மகனுக்கும் வந்திருந்தது. கோயில் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. கிறிஸ்துமஸ் நாடகத்தில் அட்டையில் ஒரு ராஜா செய்தார்கள். திரைக்குப் பின்னால் வேலு பேசுவான், ஜெரால்டு நூலை இழுத்து ராஜாவின் வாயை ஆட்டுவான். பேச்சும் வாயும் ஒன்றாகப் போக வேண்டும் என்பதற்காக அவன் வேலுவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தான். பொய் சொல்வதற்கு முன்னால் வேலு ஒருதரம் எச்சில் விழுங்குவான். நாடகத்துப் பொய்யாக இருந்தாலும் சரி, டீச்சரிடம் சொல்கிற பொய்யாக இருந்தாலும் சரி, முதலில் தொண்டைக்குள் ‘ளுக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். வேலுவுக்கே அது தெரியாது. ஜெரால்டு சொல்லவும் இல்லை. சொன்னால் நின்றுபோய்விடும் என்று பயந்தான்.

மழைக்காலத்தில் உப்பளம் தண்ணீரில் மூழ்கி ஊரே சும்மா கிடந்தபோது சேனலைத் தொடங்கினார்கள். ஜெரால்டின் போனுக்கு அன்றைக்கு ரீசார்ஜ் இல்லை. வேலுவின் நம்பரைக் கொடுத்துத் திறந்தார்கள். தங்கச்சி ஜெர்லின் காலேஜில் படிக்கிறவள். “எதுக்கும் ரெண்டு பேரும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிக்குங்கண்ணா” என்றாள். அம்மா ஆனந்தம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரே தட்டுல சாப்பிடறவன்கிட்ட பேப்பர் கேப்பாங்களாடி? நீ படிச்ச படிப்பு இதுதானா?”

ஜெரால்டு அம்மா பக்கம்தான் நின்றான்.

முதலில் சின்னச் சின்ன கார்ட்டூன்கள். பிறகு கேம். வேலு துப்பாக்கிச் சண்டை விளையாடுவான். திரை மூலையில் கொக்கு மேஸ்திரி நின்று பேசும். எதிரிகளையெல்லாம் மேஸ்திரி உப்பளத்து ஆட்களாகத்தான் நடத்துவார். “டேய், எவன்டா மாடியில நிக்கிறது? வேலைக்கி வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா? எறங்கு, வாரிப் போடு.” தானே சுடப்பட்டு விழுந்தால் ஒருதரம் எச்சில் விழுங்கிவிட்டு, “யார் செத்தா? கால் வலிக்குதுன்னு படுத்திருக்கேன்” என்பார்.

அந்த விழுங்கல்தான் ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. லைவ் நடக்கும்போது வேலுவின் பக்கத்தில் ஜெரால்டு உட்கார்ந்திருப்பான். கண் சிமிட்ட ஒரு பட்டன், இறக்கை விரிக்க ஒரு பட்டன், விழுங்குவதற்கு ஒரு பட்டன். வேலுவின் தொண்டை அசைகிற அதே நொடியில் கொக்கின் நீளக் கழுத்தில் ஒரு உருண்டை மேலிருந்து கீழே இறங்க வேண்டும். சத்தம் கேட்ட பிறகு அழுத்தினால் பிந்திவிடும். வேலு மூச்சு இழுக்கிற விதத்திலேயே பொய் வருகிறது என்று ஜெரால்டின் விரலுக்குத் தெரியும். ஒருநாளும் தப்பியதில்லை. மைக்கில் காற்றுச் சத்தம் விழக்கூடாது என்று ஃபேனை நிறுத்தி, ஜெரால்டு வீட்டு மாடியில் ஷீட் போட்ட அறையில் சட்டையில்லாமல் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருப்பார்கள். ஆனந்தம்மாள் மோரைக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் இறங்கிப் போவாள்.

பேர் பரவியது. புதுச்சேரி பஸ்ஸில் பிள்ளைகள் எச்சில் விழுங்கிக் காட்டினார்கள். டீக்கடையில் வேலுவைப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். ஜெரால்டை யாருக்கும் தெரியாது. அவனுக்கு அதில் குறை இல்லை. ஒவ்வொரு வீடியோ முடிவிலும் கொக்கு குடையை மடக்கிவிட்டு, “வரைஞ்சது ஜெரால்டு, வாய் வேலு” என்று சொல்லும். அது போதும் என்றிருந்தான். பேனர் கடை வேலையையும் விட்டான்.

இந்த வருஷம் உப்பளத்தில் வேலை தொடங்கிய சமயம். வேலுவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“டேய் ஜெரி, சித்தப்பாவுக்கு ஒடம்பு முடியலடா. மெட்ராஸ் ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். நான்தான் கூட இருக்கணும். கொஞ்ச நாள் லைவ் வேணாம், என்ன?”

ஜெரால்டு மேசைமேல் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ‘சித்தப்பா’ என்ற சொல்லுக்கு முன்னால் அவன் விரல் தானாக மேசையில் அழுந்தியது.

விரலைப் பார்த்தான். திரும்பவும் போட்டுக் கேட்டான். திரும்பவும் அழுந்தியது. நோய்ப்பட்டவரைப் பற்றி இப்படி நினைப்பதே பாவம் என்று போனைக் கவிழ்த்து வைத்தான். அம்மாவிடம் சொன்னான். அவள் கோயிலுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வேலுவின் சித்தப்பா தட்சணாமூர்த்தி சுகமாக வேண்டும் என்று ஜெபக் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். சாமியார் பெயரைப் படித்தபோது கோயிலே அந்த மனிதருக்காகத் தலைகுனிந்தது. ஜெரால்டும் குனிந்தான். தன் விரலுக்காகவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

அந்த வாரமே பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தட்சணாமூர்த்தி போண்டா தின்றுகொண்டிருந்தார்.

“சித்தப்பா, ஒடம்பு பரவாயில்லையா?”

“எனக்கென்னப்பா, கல்லு மாரி இருக்கேன். ஏன், எளச்சிட்டனா?”

“வேலு ஆஸ்பத்திரின்னான்.”

“அவனா? அவன் எதோ கம்பெனியில சேந்துட்டான்ல? உங்கிட்ட சொல்லல?” அவர் கடித்த போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தார். “நீயும் கூடப் போயிருக்கன்னு இல்ல நெனச்சேன்.”

வீட்டுக்கு வந்து சேனலைத் திறந்தான். பாஸ்வேர்டு தப்பு என்றது. நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். தப்பு என்றது. வேலுவுக்குப் போன் போட்டான். முழுதாக அடித்து நின்றது. மறுபடி போட்டான். பிறகு போடவில்லை. அம்மா கேட்டபோது, “சித்தப்பா தேறிட்டாராம்மா” என்று மட்டும் சொன்னான். அவள் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அந்த வெளிச்சத்தில் உட்கார அவனுக்குக் கூசியது.

புது வீடியோ வந்தபோது ஜெர்லின்தான் போனைக் கொண்டுவந்து காட்டினாள். கொக்கு இருந்தது. குடை இருந்தது. இறகெல்லாம் பளபளவென்று, சினிமா மாதிரி. குரல் வேலுவின் குரல். கால் மட்டும் சுத்தமாக இருந்தது. கழுவிவிட்ட கால். வரைந்தவன் உப்பளத்தைப் பார்த்ததே இல்லை என்று தெரிந்தது. முடிவில் கொக்கு குடையை மடக்கியது. ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்னது. அவ்வளவுதான்.

“எல்லாத்தையும் சொல்லி ஒரு வீடியோ போடுண்ணா. சும்மா விடக் கூடாது” என்றாள் ஜெர்லின். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

“என்னன்னு போடறது? யாருக்கும்மா என்னைத் தெரியும்?”

அதற்குப் பிறகு அவன் கோயிலுக்குப் போகாமல் இல்லை. ஆனால் ஜெபத்தில் பிறரை மன்னிப்பதைப் பற்றிய வரி வரும்போது அவன் வாய் நின்றுபோகும். மற்றவர்கள் முடிக்கும் வரைக்கும் காத்திருந்து ஆமென் மட்டும் சொல்வான். பேனர் கடைக்கே திரும்பிப் போனான். ஆரோக்கியராஜ் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து ஓலை போட்டு மூடியிருந்த வெயில் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலு வந்தான். புது பைக். கையில் ஸ்வீட் பெட்டி. ஆனந்தம்மாளுக்குச் சந்தோஷம் தாளவில்லை.

“வாடா சாமி. சித்தப்பாவப் பாத்துக்கறேன்னு நீ எளச்சிப் போயிட்டியே. பூசைல பேரு குடுத்தேன்டா. ஆண்டவர் கைவிடல.”

வேலு ஸ்வீட் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அவன் ஜெரால்டைப் பார்த்தான். ஜெரால்டு, “மேல வா” என்றான்.

ஆனந்தம்மாள் இரண்டு தட்டில் சோறும் மீன்குழம்பும் போட்டு மாடிக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

“கோவமாடா?” என்றான் வேலு.

“சாப்பிடு.”

“கம்பெனிக்காரனுங்க என்னை மட்டும்தான்டா கேட்டானுங்க. வரையறதுக்கு அவனுங்களே ஆளு வெச்சிருக்கானுங்க. நான் என்ன பண்ணட்டும்?”

ஜெரால்டு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான்.

“ஆனா ஒண்ணும் சரியா வரலடா. கீழ கமெண்ட்ல எல்லாம் ஒரே கேள்வி. ஏன் மேஸ்திரி முழுங்க மாட்டேங்கறாரு, ஏன் முழுங்க மாட்டேங்கறாருன்னு. எங்க சவுண்டு இன்ஜினியர் புதுசா ஒரு சத்தம் போட்டுப் பாத்தான். தண்ணி டேங்க் மாரி கேக்குது.” வேலு குரலைத் தாழ்த்தினான். “நீ வெச்சிருந்தியே, அந்த முழுங்கல் சத்தம், அந்த ஃபைல மட்டும் குடுடா. கடைசில உன் பேரப் போடச் சொல்றேன்.”

ஜெரால்டு கையைத் தட்டில் வைத்தபடி அவனையே பார்த்தான். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவனுக்கு அது தன் தொண்டை என்று தெரியவில்லை. கம்பெனியில் குரலைச் சுத்தம் செய்கிறவன் அந்த ‘ளுக்’கை அழுக்கென்று நினைத்து ஒவ்வொரு இடத்திலும் துடைத்திருக்கிறான்.

சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அது உன்னுடையதுதான்டா, துடைக்க வேண்டாம் என்று சொல்லு, எல்லாம் சரியாகிவிடும் என்று. ஒரே ஒரு வாக்கியம். கொக்கு பழைய கொக்காகிவிடும். தன்னிடம் இல்லாவிட்டாலும் எங்கேயாவது உயிரோடு இருக்கும். மன்னிப்பது என்றால் அதுதானே என்றும் நினைத்தான். ஆனால் அதற்கு முன்னால் அவனுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. எழுந்து போய் ஃபேனை நிறுத்தினான். லைவ் நாட்களைப் போல அறை அமைதியானது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லணும்னு ஒருநாளாவது நெனச்சியா?”

வேலு மூச்சு இழுத்தான். சோற்றுத் தட்டின் விளிம்பில் ஜெரால்டின் விரல் அழுந்தியது. பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது.

“டெய்லி நெனச்சேன்டா. எங்கம்மா மேல சத்தியமா.”

ஜெரால்டு விரலை மெதுவாகத் தட்டிலிருந்து எடுத்தான்.

“அப்பிடி ஒரு ஃபைல் எங்கிட்ட இல்லடா.”

“பொய் சொல்லாத.”

“நெஜமாதான். எப்பவுமே இருந்ததில்ல.”

வேலு தட்டிலேயே கை கழுவினான். அவன் முகம் சிவந்திருந்தது. “உன் பேரையும் போடச் சொல்றேன்னு சொல்லியும் பதுக்கற பாரு. நீ இப்பிடிப் பண்ணுவன்னு நெனக்கலடா. கூடவே இருந்து கழுத்தறுக்கற மாரி.”

படியில் வேலு இறங்குகிற சத்தமும், கீழே அம்மா, “ஊறுகா கட்டி வெச்சிருக்கேன், உங்கம்மாகிட்ட குடு” என்பதும், பைக் கிளம்புவதும் கேட்டன. ஜெரால்டு இரண்டு தட்டுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு இறங்கினான்.

ஆனந்தம்மாள் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அளத்திலிருந்து உப்புக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஊறுகாய் டப்பா அவள் கையிலேயே இருந்தது.

“மறந்துட்டுப் போயிட்டான் பாரு. என்னா அவசரமோ. நம்ம கோயில் திருநாளுக்கு வந்துடுவான் இல்ல?”

ஜெரால்டு வாயைத் திறந்தான். சொல் வருவதற்கு முன்னால் அவன் தொண்டைக்குள் ஏதோ ஒன்று மேலிருந்து கீழே இறங்கியது.

“வருவான்மா” என்றான்.