கறுத்த சுவர்

எங்கள் சின்னம்மாவின் மூத்த மகள் ஜெகதீஸ்வரி. யாழ்ப்பாணத்தில் வெட்டவெளிக் கிணற்றடியில் குளித்து வளர்ந்தவள். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து நாலிலோ ஐந்திலோ, கிளிநொச்சிக் குடியேற்றத்தில் காணி கிடைத்து, கணவன் கனகலிங்கத்தோடு வந்தாள். கிணறு வளவின் கோடியில். பொழுதுபட்டால் யானை வரும். அதனால் அவன் வீட்டோடு ஒட்டி ஒரு குளிப்பறை கட்டினான். மண்சுவர்; யன்னல் இல்லை; கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி மட்டும்.

கார்த்திகை மழையோடு மூத்த பெண் பிறந்தாள். பேறு பார்க்க வந்த மாமியார் இலட்சுமி, பேற்றுத் தீட்டான துடக்குக் கழியுமட்டும் காற்றுப் படக்கூடாதென்று அந்த இடைவெளியைச் சாக்கால் அடைத்தார். இலை அவித்த வெந்நீரில் தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ளேதான் குளிப்பு. ஆவி போக வழியில்லை. சுவரில் பூஞ்சணம் பிடித்தது. முதலில் சாம்பல் தூவினாற்போல, பிறகு சட்டிக்கரி போல. படுக்கிற அறைக்கும் ஊறி வந்தது. பிள்ளைக்கு மூச்சு இழுப்பு. தைப்பொங்கலுக்கு முன்னமே செத்துப்போனாள்.

"காத்துப் பட்டிட்டுது," என்றார் இலட்சுமி. அயலும் அதையே சொன்னது.

 ஜெகதீஸ்வரி தேங்காய்ப் பொச்சுமட்டையால் அந்தச் சுவரைத் தேய்த்தாள். கறுப்புத் தூள் பறந்து அவளுக்கே நெஞ்சு அடைத்தது. பிள்ளையின் மூச்சை அடைத்ததும் இதுதானென்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. ஈரம் காயுமுன் சுண்ணாம்பு பூசினாள். அடுத்த மழைக்கு வெள்ளைக்குள்ளால் கறுப்பு மறுபடி வந்தது.

அடுத்த பிள்ளையும் மாரியில்தான் பிறக்க இருந்தது. அவள் கனகலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்தச் சுவரிலை யன்னல் ஒண்டு வெட்டுங்கோ."

"பொம்பிளையள் குளிக்கிற இடம். கண்டவன் எட்டிப் பாக்கவோ?"

"அந்தப் பக்கம் காடெல்லோ. யானைதான் பாக்கும்."

இந்தப் பேற்றுக்கும் வந்திருந்த மாமியார் இடையில் புகுந்தார். "ஒண்டைக் காத்துக்குக் குடுத்தது காணாதோடி? இந்தமுறை சாக்கை இரண்டாப் போடுவம்."

மறுநாள் கனகலிங்கம் வயலுக்குப் போனதும், நிறைவயிற்றோடு கடப்பாரை அலவாங்கை எடுத்துச் சுவரில் யன்னலளவு இடித்தாள். இலட்சுமி நெஞ்சில் அடித்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினார். கனகலிங்கம் வந்து அவள் போட்ட சோற்றைத் தின்றான்.

அந்த யன்னலால் வந்த வெயிலில் சுவரைக் காயவிட்டுப் பிறகே அவள் சுண்ணாம்பு பூசினாள். பேற்றுக்குப் பிறகும் ஒவ்வொரு குளிப்போடும் தரையைத் துடைத்தாள். ஈரச்சீலை ஒன்றையும் உள்ளே விடவில்லை. மார்கழியில் பிறந்த பெடியனுக்கு இழுப்பு வரவில்லை.

வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போகிற வழியில் இலட்சுமி பேரனைப் பார்க்க வந்தார். பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு குளிப்பறைக்குள் போய்ச் சுவரைத் தடவினார். உள்ளங்கையில் வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் ஒட்டியது.

"அப்ப மூத்தவளை நான்தான்..."

ஜெகதீஸ்வரி குந்தியிருந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்தப் பொச்சை இஞ்சாலை எடுங்கோ மாமி."

அதன்பிறகு ஒவ்வொரு மாரிக்கும் இலட்சுமி வருவார். ஒருவரும் கேட்காமலே சுவரைத் தேய்ப்பார். முதுகு வளையாமல் போனபிறகும், கதிரையில் இருந்துகொண்டு கை எட்டுமட்டும் தேய்த்தார். போதும் என்று ஜெகதீஸ்வரி ஒருநாளும் சொன்னதில்லை.