பெயரில்லாத கல்

பூச்சி உருண்டை வாசம் எங்கே அடித்தாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவின் சமையல்காரர் என் நினைவில் வந்து நிற்பார். பிரான்சில் நடந்த பெரிய சண்டையில் செத்துப்போன துரை மகனின், அந்த வாசமடிக்கும் கோட்டைத்தான் எப்போதும் போட்டிருப்பார். பேசும்போது அதன் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார். துரையும் துரைசாணியும் மகனின் கல்லறையைத் தேடிப் பிரான்சுக்குப் போனபோது அவரையும் கூட்டிப்போனார்கள்.

கோதுமை வயல்களுக்கு நடுவே வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. இங்கே நமுனுகுல மலைச் சரிவில் என் மனைவியைப் புதைத்த இடத்தில் தோட்டத்தார் தேயிலை நட்டுவிட்டார்கள். எந்த இடம் என்று எனக்கே இப்போது தெரியாது.

"எல்லாருக்கும் பேர் போட்ட கல்லா?" என்று கேட்டேன்.

"எங்க துரை மகன் பேர்ல கல்லே கிடைக்கலைங்க. பேரில்லாத கல்லும் நிறைய இருந்துச்சு. துரைசாணி நடந்து நடந்து பார்த்துட்டு, அதுல ஒண்ணுகிட்ட உக்காந்துட்டாங்க. அடியில கிடக்கிறது யாரு பெத்த புள்ளையோ, 'இவன்தான் என் மகன்'னாங்க."

அந்த வெறுங்கல்லின் மேலும் எனக்குப் பொறாமைதான். "அவங்களுக்கு உக்காரக் கல்லாவது இருந்துச்சு" என்றேன்.

அவர் பொத்தானை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பங்களாப் பாதையில் ஏறியவர் திரும்பி நின்று சொன்னார்:

"நீங்களும் ஒரு தேயிலைச் செடியைப் பார்த்து, 'இவதான்'னு சொல்லுங்க. கவ்வாத்துல மத்த செடியோட கிளையெல்லாம் வெட்டுறப்ப அதை மட்டும் வெட்ட வேணாம்னு நான் துரைகிட்ட கேக்குறேன்."